கழுத்து வெட்டில் ஒரு பொங்கல் பானை: துண்டுத் துணியில் வாழ்த்து அட்டை

தையல்கடையில் போய் "வெட்டுத்துணி இருக்கா?" என்று கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்விதான் வரும்: "தலையணைக்கா அக்கா?" தலையணைக்கும் மிதியடிக்கும் போவதுதான் வெட்டுத்துணி என்பது ஊர் வழக்கம். "இல்லைங்க, வாழ்த்து அட்டை செய்ய" என்றால் நம்மை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். பிறகு மெஷினுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்துப் போட்டு, "வேணுங்கிறத எடுத்துக்குங்க, மறுபடி கட்டி வெச்சுட்டுப் போங்க" என்பார். இந்த அத்தியாயத்துக்கான மூலப்பொருள் அவ்வளவுதான். காசு கொடுத்து வாங்க வேண்டியவை இரண்டே: கெட்டி அட்டையும் பசையும்.

சிவகாசியில் அச்சான பொங்கல் வாழ்த்துகள் பெட்டிக்கடை வாசலில் சணல் கயிற்றில் தொங்கிய காலத்தில் வளர்ந்தவள் நான். மாடு, கரும்பு, பானை, அதே அளவு முக்கியத்துவத்துடன் சினிமா நடிகர்கள். அந்த அட்டைகளை அனுப்பிய நாங்களே இன்று செல்போனில் ஒரு படத்தைத் தட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறோம். அதைக் குறை சொல்ல இந்தப் புத்தகம் எழுதவில்லை. நாற்பது பேருக்கு அப்படி அனுப்புங்கள். நாலு பேருக்கு மட்டும் கையால் செய்யுங்கள். இந்த அத்தியாயம் அந்த நாலு அட்டைக்கானது.

மூட்டையில் எதை எடுப்பது

ஜாக்கெட் வெட்டும்போது கைக்குழியில் பிறை போல ஒரு துண்டு விழும். ஓரத்தில் நீளப் பட்டைகள் மிஞ்சும். எல்லாவற்றையும் விட நல்லது கழுத்து வெட்டு. துணியை இரண்டாக மடித்துத்தான் கழுத்தை வெட்டுவார்கள் என்பதால், விழுந்த துண்டைப் பிரித்துப் பார்த்தால் இடமும் வலமும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கும். நாமே வரைந்து வெட்டினால் எப்படியும் ஒரு பக்கம் உப்பிவிடும். அதிலும் பானைக் கழுத்து வைத்த ஜாக்கெட்டின் முதுகுத் துண்டு கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். வாய் குறுகி, வயிறு பருத்து, பொங்கல் பானை அப்படியே கையில் வந்து நிற்கும். டிசம்பர் மாதம் முழுக்க நான் தேடுவது இந்தத் துண்டைத்தான்.

இந்த வேலையில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. துணியைப் பார்த்துவிட்டுப் படத்தை யோசியுங்கள். படத்தை முடிவு செய்துகொண்டு துணி தேடப் போனால் மூன்று நாள் மூட்டையைக் கிளறிவிட்டு, கடைசியில் கடையில் போய்ப் புதுத் துணி வாங்குவீர்கள். துணியே பாதி வரைந்து வைத்திருக்கிறது. லுங்கிக் கட்டத்தில் நாலு கட்டத்தை வெட்டி, மேலே ஒரு முக்கோணம் வைத்தால் ஜன்னல் வைத்த வீடு. புதுமனை புகுவிழாவுக்கு அட்டை தயார். வேட்டிக் கரையை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி அட்டையின் கீழ்ப்பக்கம் நீளவாக்கில் ஒட்டினால் வேறு எதுவும் வேண்டாம். பச்சைக் கோடு போட்ட சட்டைத்துணியைப் படுக்கவைத்தால் வயல், நிமிர்த்தி வைத்தால் கரும்புத் தோட்டம்.

மதுரைச் சுங்குடியில் ஒரு துண்டு கிடைத்தால் பத்திரப்படுத்துங்கள். நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவதால் வரும் புள்ளி அது. ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. புள்ளிகள் ஓரளவு வரிசையாக விழுந்த இடமாகப் பார்த்து வெட்டி, வெள்ளை நூலால் புள்ளிகளைச் சுற்றி வளைத்துத் தைத்தால் சிக்குக் கோலம். வாசலில் புள்ளி வைப்பது நம் வேலை. இங்கே அதையும் வேறு யாரோ நமக்காகச் செய்து வைத்துவிட்டார்கள்.

பனியன் துணியை விட்டுவிடுங்கள். இழுத்தால் நீளும், விட்டால் ஓரம் சுருளும். ஜீன்ஸ் தடிமன் அதிகம், உறைக்குள் போகாது. ஜார்ஜெட் கத்திரிக்கோலுக்கு அடங்காமல் வழுக்கும். முதல் பத்து அட்டைக்குப் பருத்தி ஒன்றே போதும். பாப்ளின், ரூபியா, பழைய கைத்தறிச் சேலை, எதுவானாலும் சரி.

எது பருத்தி என்று சந்தேகம் வந்தால் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு மெத்தென்று சாம்பலானால் பருத்தி. முடி பொசுங்கிய நாற்றம் வந்தால் பட்டு. சுருங்கி உருகி நுனியில் மணி போலக் கெட்டியானால் பாலியெஸ்டர். இது வெறும் ஆராய்ச்சிக்காக இல்லை. அடுத்து இஸ்திரிப் பெட்டி வரப்போகிறது. பருத்திக்கு வைக்கும் சூட்டைப் பாலியெஸ்டருக்கு வைத்தால் துணி பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வரும்.

கஞ்சி

துணியில் அட்டை செய்கிறவர்கள் பாதிப் பேர் தோற்கும் இடம் இது. மூட்டையிலிருந்து எடுத்த துணியை அப்படியே வெட்டி ஒட்டுவார்கள். ஓரம் பிசிர் பிசிராகப் பிரியும், வளைவு கோணும், பசை பட்டதும் தொய்யும். துணி துணியாக இருக்கும்வரை அட்டையில் உட்காராது. முதலில் அதைக் காகிதமாக்க வேண்டும்.

அதற்கு முன் சாயம். ஈரமான வெள்ளைத் துணியை மேலே வைத்து அழுத்தித் தேயுங்கள். நிறம் இறங்கினால் தனியாக நாலைந்து தண்ணீரில் அலசுங்கள். அப்புறமும் இறங்கினால் அந்தத் துண்டு தலையணைக்கே போகட்டும். என் முதல் அட்டைக்கு அரக்குச் சிவப்பில் ஒரு ஜாக்கெட் துண்டை எடுத்தேன். சோதிக்கவில்லை. பசையின் ஈரம் பட்டதும் வெள்ளை அட்டையில் பானையைச் சுற்றி இளஞ்சிவப்பாக ஒரு வட்டம் பரவியது. "சூரியன் உதிக்கிற மாதிரி இருக்கு" என்று சமாதானம் சொன்ன என் மகளே வாங்கிக்கொண்டாள். வெளியே அனுப்ப முடியவில்லை.

இனி கஞ்சி. ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி மைதாவோ மக்காச்சோள மாவோ போதும். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத்தான் வரும். கிளறிக்கொண்டே இருந்தால் பால்போல் இருந்தது மங்கலான கண்ணாடி போல மாறிக் கெட்டியாகும். இறக்கி ஆறவிட்டு வடிகட்டுங்கள். சோறு வடித்த கஞ்சி இருந்தால் அதுவும் ஆகும். பருக்கை இல்லாமல் வடிகட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வேட்டிக்குப் போடுவதைவிட இரு மடங்கு கெட்டியாக இருக்கட்டும்.

துண்டுகளை முக்கி, விரலிடுக்கில் வழித்துவிட்டு, கொடியில் போடாமல் ஜன்னல் கண்ணாடியிலோ வழுவழுப்பான டைல்ஸ் சுவரிலோ உள்ளங்கையால் தேய்த்து ஒட்டிவிடுங்கள். காய்ந்ததும் ஒரு ஓரத்தைப் பிடித்து உரித்தால் சுருக்கமே இல்லாமல், மொடமொடவென்று தாள் போல வரும். அதை ஒருமுறை இஸ்திரி போட்டுக் கத்திரியில் வெட்டிப் பாருங்கள். சரக்கென்று வெட்டும், நூல் பிரியாது, பூவிதழ் வளைவுகூட வரைந்தபடி நிற்கும்.

பட்டுக்குக் கஞ்சி வேண்டாம். தண்ணீர்க் கறை படியும். தையல்காரரிடமே மைக்ரோடாட் என்று ஒன்று கேளுங்கள். காலருக்கும் கழுத்துப் பட்டிக்கும் வைக்கும் கேன்வாஸின் மெல்லிய வகை, ஒரு பக்கம் சின்னச் சின்னப் பசைப் புள்ளிகள் இருக்கும். அந்தப் பக்கம் பட்டின் உள்புறத்தில் படும்படி வைத்து, மேலே ஒரு பருத்தித் துணியைப் போர்த்தி, மிதமான சூட்டில் பத்து விநாடி அழுத்துங்கள். தேய்க்கக் கூடாது, அழுத்தி எடுக்க வேண்டும். சரிகை உள்ள துண்டில் பெட்டியை நேராக வைக்கவே வேண்டாம்.

அட்டையும் மடிப்பும்

ஸ்டேஷனரிக் கடையில் 300 ஜி.எஸ்.எம். ஐவரி அட்டை, ஏ4 அளவில் கேளுங்கள். பள்ளிக்கூடச் சார்ட் தாள் மெலிசு. துணியின் பாரத்தில் வளையும். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் இரண்டு அட்டை. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்தால் 105க்கு 148 மி.மீ., அதாவது ஏ6. இதற்குப் பொருத்தமான உறை சி6, 114க்கு 162 மி.மீ. உறையை முதலில் வாங்கிவிட்டு அட்டையை வெட்டுவது புத்திசாலித்தனம். நான் பலமுறை எதிர்த்திசையில் போய், கடைசியில் உறையையும் கையால் ஒட்ட வேண்டி வந்தது.

துணிக்குப் பாவும் ஊடையும் இருப்பதுபோல் காகிதத்துக்கும் ஓட்டம் உண்டு. தாளை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்காமல் வளைகிறதோ, மடிப்புக்கோடு அந்தப் பக்கமாக வர வேண்டும். எதிர்ப்பக்கம் மடித்தால் முதுகில் வெள்ளை வெள்ளையாக வெடிக்கும். மடிக்கும் முன், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் இரும்பு ஸ்கேலை வைத்து ஒரு கோடு அழுத்தி இழுங்கள். பிறகு மடித்து, கரண்டியின் பின்பக்கத்தால் தேயுங்கள்.

உள்ளே எழுத வேண்டியதை இப்போதே எழுதிவிடுங்கள். எல்லாம் முடிந்தபின் எழுதினால் ஒரு எழுத்துப் பிழைக்காக இரண்டு மணி நேர வேலை போகும். அடியில் துணியின் மேடு இருப்பதால் பேனாவும் தடுக்கும்.

ஒட்டுவதா, தைப்பதா

ஃபெவிகாலைப் பிதுக்கி நேராகத் துணியில் ஊற்றினால் மறுபக்கம் கறையாக எட்டிப்பார்க்கும். காய்ந்தபின் அந்த இடம் மட்டும் பளபளக்கும். பசையை அட்டையில் பூசுங்கள், துணியில் வேண்டாம். ஒரு பொட்டு எடுத்துப் பழைய தூரிகையாலோ விரலாலோ, பூசியிருப்பதே தெரியாத அளவுக்கு இழுத்துவிடுங்கள். துணியை வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவி, மேலே கழுவிக் காயவைத்த பால் கவரை விரித்து, அதன்மேல் கனமான புத்தகங்களை ஏற்றி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். பால் கவர் இல்லையென்றால் காலையில் அட்டை புத்தகத்தோடு சேர்ந்திருக்கும்.

இவ்வளவு செய்தும் அட்டை முன்பக்கமாக வில்போல் வளையலாம். ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டுக் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கி இழுப்பதால் வருவது அது. இதற்கு மருந்து புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களிடம் இருக்கிறது: இழுக்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். முன் அட்டையின் உள்புறத்தில் அதே அளவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். இரண்டு பக்க இழுப்பும் சமமாகி அட்டை நிமிரும். தையல் போட்டிருந்தால் அதன் பின்பக்க முடிச்சுகளையும் அந்தத் தாளே மறைத்துவிடும்.

தையலுக்கு வருவோம். ஒட்டினாலே போதும், ஆனால் ஓரத்தில் ஒரு ஓட்டுத் தையல் ஓடினால் அட்டைக்கு வரும் களை தனி. ஊசியும் நூலுமாக நேரடியாகக் குத்தாதீர்கள். மடித்த துண்டின் மேல் அட்டையை வைத்து, வெறும் ஊசியால் முதலில் துளைகளைப் போட்டுக்கொண்டு பிறகு நூலை ஓட்டுங்கள். துளைக்குத் துளை 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது. நெருக்கிக் குத்தினால் தபால்தலை ஓரம்போலக் கிழிந்து கையோடு வரும். மெஷினில் அடிப்பதானால் தையலை நீளமாக வைத்து, 16 நம்பர் ஊசி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். காகிதம் ஊசி முனையை மழுக்கிவிடும். அதே ஊசியை மறுபடி ஜாக்கெட்டில் ஓட்டினால் நூல் இழுக்கும். திருப்பி அடித்து முடிச்சுப் போடும் வழக்கமும் இங்கே ஆகாது. நூல் நுனிகளைப் பின்னால் இழுத்துக் கையால் முடியுங்கள்.

ஒரு பானை அட்டை

ஒரு முழு அட்டையைச் சேர்ந்து செய்வோம். கழுத்து வெட்டுத் துண்டைக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாயிற்று. அப்படியே வைத்தால் ஏ6 அட்டையையே விழுங்கிவிடும். மறுபடி மடித்து, அதே வளைவை உள்ளே தள்ளி, உயரம் 7 செ.மீ., வயிறு 7 செ.மீ. வருமாறு குறைத்து வெட்டுங்கள். துணி மடிந்த நிலையிலேயே வெட்டினால்தான் இரு பக்கமும் ஒத்துப்போகும்.

வாய்ப் பகுதிக்கு விளிம்பு வேண்டும். பழைய சேலைச் சரிகைக் கரையில் அரை செ.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை போதும். பானையின் வாயைவிட இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கட்டும். பொங்கி வழியும் நுரைக்கு எத்தனையோ செய்து பார்த்தேன்: பஞ்சு, லேஸ், வெள்ளை வெல்வெட். பஞ்சு தபாலில் நசுங்கி அழுக்கேறியது. கடைசியில் நின்றது பழைய மல் வேட்டித் துண்டு. அதற்குக் கஞ்சி போடாதீர்கள். பிசிர்தான் இங்கே வேலை செய்யப் போகிறது. 6 செ.மீ. நீளப் பட்டையை எடுத்து ஒரு ஓரத்தில் ஊடை நூல்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். பத்துப் பன்னிரண்டு நூல் உருவினால் பாவு நூல்கள் குஞ்சம்போல் தொங்கும். அந்தப் பட்டையைச் சரிகைக்கு அடியில் செருகி, குஞ்சம் வெளியே சரிகைமேல் மடிந்து வழிகிறமாதிரி ஒட்டுங்கள். பால் பொங்கிவிட்டது.

கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்ட வேண்டாமா? மஞ்சள் எம்பிராய்டரி நூலை இரண்டு இழையாக எடுத்து, கழுத்தின் குறுக்கே ஒரு நீளத் தையல். நடுவில் பச்சை நூலில் மூன்று சின்னத் தையல், இலையாக. நிறுத்திக்கொள்ளுங்கள். கரும்பும் சூரியனும் மாடும் சேர்க்கக் கை பரபரக்கும். சேர்த்தால் அது மறுபடி பெட்டிக்கடையில் தொங்கிய அட்டையாகிவிடும்.

முதல் உலகப் போரின்போது, 1914 முதல் 1918 வரை, பிரான்சில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீட்டுக்கு அனுப்பிய பட்டு அஞ்சலட்டைகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மெல்லிய பட்டில் அந்த ஊர்ப் பெண்கள் பூத்தையல் போட, அதை நடுவில் ஜன்னல் வெட்டிய அட்டைக்குப் பின்னால் ஒட்டியிருப்பார்கள். நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு. பிசிர் அடங்காத பட்டோ டிஷ்யூவோ இருந்தால் அதை வடிவமாக வெட்டி மல்லுக்கட்டாதீர்கள். அட்டையில் பானை வடிவத்தில் ஜன்னல் வெட்டி, துணியைச் சதுரமாகப் பின்னால் ஒட்டுங்கள். பிசிர் முழுவதும் அட்டைக்குப் பின்னால் போய்விடும். அந்த அஞ்சலட்டைகள் சிலவற்றில் பட்டே சின்ன உறையாக இருந்து, உள்ளே ஒரு சீட்டு செருகியிருக்கும். நம் வீட்டில் இதற்குச் சட்டைப் பை இருக்கிறது. அப்பாவின் பழைய சட்டையிலிருந்து பையின் மேல்பாதியை வெட்டி ஒட்டி, அதில் பேரப்பிள்ளை எழுதிய சீட்டைச் செருகிப் பாருங்கள்.

யாருக்கு எந்தத் துணி

கல்யாணத்துக்கும் புதுமனை புகுவிழாவுக்கும் உடுத்திய துணியில் செய்யாதீர்கள். நமக்கு அதில் ஒன்றும் இல்லையென்றாலும் வாங்குகிற வீட்டில் ஒரு பெரியவர் முகம் சுளிப்பார். தையல்கடை வெட்டு என்றால் யார் உடம்பும் படாத புதுத்துணி, அதை எடுங்கள். முழுக்கக் கறுப்பு வேண்டாம். ஓரத்தில் மஞ்சள் தடவ ஆசைப்பட்டால் பின்பக்க மூலையில் ஒரு பொட்டு.

குழந்தை பிறந்த வீட்டுக்கோ நேர் எதிர். பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணியைத்தானே போடுகிறோம்? தாத்தாவின் வெளுத்த வேட்டியிலோ பாட்டியின் நைந்த நூல் சேலையிலோ ஒரு தொட்டில் வெட்டி ஒட்டினால் கேட்கவே வேண்டாம். அட்டையின் பின்னால் சின்ன எழுத்தில் துணியின் ஊரும் பேரும் எழுதுங்கள்: "ஆச்சியின் பச்சைக் கண்டாங்கி" என்று மட்டும். துணியை அடையாளம் தெரிந்தவர்கள் அந்த இடத்திலேயே விரலை வைத்துத் தடவிப் பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உடுத்திய பட்டில் வெட்டுவதானால் கிழிந்த சேலையாக இருக்கட்டும். அம்மாவிடம் கேட்காமல் கத்திரி வைத்த ஒருத்தியின் அனுபவத்தில் சொல்கிறேன்.

தபாலில்

சாதாரணக் கடிதத்துக்கு முதல் எடைவரம்பு 20 கிராம். அதற்குள் அடங்குமா என்று தராசு இல்லாமலே கணக்குப் போடலாம். 300 ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் அட்டை 300 கிராம். 16 ஏ4 தாள் சேர்ந்தது ஒரு சதுர மீட்டர். ஆக ஒரு தாள் 19 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதில் பாதியான நம் அட்டை 9 கிராமும் கொஞ்சமும். உறை நாலைந்து கிராம், உள்தாள் ஒன்றரைக்குள், துணியும் பசையும் நூலும் இரண்டு. 17, 18 கிராமில் நிற்கும். பாசியும் கண்ணாடியும் வைத்தால் எல்லை தாண்டும்.

எடை மட்டும் அல்ல. ஒரு வருஷம் கண்ணாடி வேலை செய்து ஆறு அட்டை அனுப்பினேன். தேதி முத்திரை குத்துகிறவருக்கு உள்ளே கண்ணாடி இருப்பது எப்படித் தெரியும்? இரண்டு அட்டையில் பிறை நிலாவாகப் போய்ச் சேர்ந்தது. தபால்தலை ஒட்டும் மூலைக்கு நேராக உள்ளே எதுவும் மேடாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பானை கீழே, இடப்பக்கம் தள்ளி இருக்கட்டும்.

துணி உள்ள பக்கத்துக்கு மேல் ஒரு மெல்லிய தாளை வைத்து உறையில் போடுங்கள். உடனே அனுப்பாமல் சேர்த்து வைப்பதானால் மூடி இறுகிய தகர டப்பாவில், பட்டுச் சேலைக்கு வைப்பதுபோல் ஒரு துண்டு வசம்போடு வையுங்கள். கஞ்சி என்றால் கரப்பானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் விருந்து. பொங்கலுக்கு உள்ளூர் என்றாலும் ஜனவரி முதல் வாரத்திலேயே பெட்டியில் போட்டுவிடுங்கள். போகி அன்று போட்டால் காணும் பொங்கலும் கழிந்துதான் பானை பொங்கும்.